வேகமான ப்ராசசர் எப்படி உருவாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் வாங்குபவர்கள், புரோகிராம் எழுதுபவர்கள், மின்னணுவியல் படிக்கும் மாணவர்கள் எனப் பலரும் ப்ராசசர் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே விஷயம்தான். இன்றைய ப்ராசசருக்குக் கணக்குப் போடுவது பெரிய வேலையே இல்லை. அந்தக் கணக்குக்கு வேண்டிய எண் வந்து சேரும்வரை காத்திருப்பதுதான் பெரும்பாடு. வடிவமைப்பாளர்களின் உழைப்பில் பெரும்பங்கு அந்தக் காத்திருப்பைக் குறைக்கவே செலவாகிறது.

கிகாஹெர்ட்ஸ் அதிகம் என்றால் வேகமும் அதிகம்தானே?

ஒரே வடிவமைப்புக்குள் ஒப்பிட்டால் சரி. வேறு வேறு வடிவமைப்புகள் என்றால் அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. ப்ராசசரின் வேலைக்குத் தாளம் போடும் கிளாக் ஒரு நொடியில் எத்தனை தடவை துடிக்கிறது என்பது பாதிக் கதை (1 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 கோடித் துடிப்பு). ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை கட்டளைகள் முடிகின்றன என்பது மீதிப் பாதி. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வேகம்.

பென்டியம் 4-ஐப் பாருங்கள். 2000-இல் வந்த அந்தச் சிப்பில் ஒரு கட்டளை 20 படிகளைக் கடந்து போகும். ஒரு படியில் செய்யவேண்டிய வேலை கொஞ்சம்தான் என்பதால் கிளாக்கை நன்றாக ஏற்ற முடிந்தது. 2004-இல் வந்த பிரெஸ்காட் பதிப்பில் படிகள் 31 ஆயின, கிளாக் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை போனது. ஆனால் அடுத்து எந்தக் கட்டளை வரும் என்ற கணிப்பு நடுவில் தப்பினால், அதற்குப் பின்னால் வரிசையில் நுழைந்த எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். வரிசை நீளமாக இருந்தால் நஷ்டமும் அதிகம். வெப்பமும் கட்டுக்குள் நிற்கவில்லை. 4 கிகாஹெர்ட்ஸ் பதிப்பு வரும் என்று அறிவித்த இன்டெல் அதைக் கைவிட்டது. 2006-இல் வந்த கோர் 2, படிகளை 14 ஆகக் குறைத்தது. 3 கிகாஹெர்ட்ஸைக்கூடத் தொடாத அதன் முதல் மாடல்கள் 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ எளிதாகப் பின்னுக்குத் தள்ளின.

10 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசர் ஏன் இன்னும் வரவில்லை?

வெப்பம்தான் காரணம். 2004-இல் 3.8 கிகாஹெர்ட்ஸ் இருந்தது. 20 ஆண்டுகள் கழித்து, 2024-இல் வந்த இன்டெலின் கோர் ஐ9-14900கேஎஸ் உச்சத்தில் 6.2 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. இரண்டு மடங்குகூட இல்லை. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் கிளாக் சில நூறு மடங்கு ஏறியிருந்தது.

1974-இல் ஐபிஎம்-இன் ராபர்ட் டென்னார்டும் அவர் குழுவினரும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். சிப்பில் மின் சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டரின் அளவைக் குறைக்கும்போது அதே விகிதத்தில் மின்னழுத்தத்தையும் குறைத்தால், அதே பரப்பில் அதிக டிரான்சிஸ்டர்களை அடைத்து வேகமாக ஓட்டினாலும் வெப்பம் கூடாது. தொழில் முழுவதும் 30 ஆண்டுகள் இந்த விதியின் மேல்தான் சவாரி செய்தது. 2005 வாக்கில் அது நின்றுபோனது. மின்னழுத்தத்தை 1 வோல்ட்டுக்குக் கீழே அதிகம் இறக்க முடியவில்லை. இறக்கினால், அணைந்திருக்க வேண்டிய டிரான்சிஸ்டர்களும் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கின.

சிப் இழுக்கும் மின்சாரம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் கிளாக்கையும் பொறுத்து ஏறும். கிளாக்கை 20 சதவீதம் ஏற்ற மின்னழுத்தத்தையும் அதே அளவு ஏற்ற வேண்டியிருந்தால், மின்சாரம் 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். கிடைப்பது 20, கொடுப்பது 70. இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது என்பதால்தான் எல்லோரும் வேறு வழி தேடிப் போனார்கள்.

ப்ராசசர் எதற்காகக் காத்திருக்கிறது?

மெமரிக்காக. நாம் ராம் என்று வாங்கிப் பொருத்தும் முதன்மை மெமரியிலிருந்து ஒரு எண்ணைக் கேட்டால், அது வந்து சேர ஏறக்குறைய 80 நானோநொடி ஆகிறது. 4 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசரில் அது 320 கிளாக் துடிப்பு. ஒரு துடிப்பை ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், ஒரு எண்ணைக் கேட்டுவிட்டு 5 நிமிடத்துக்கு மேல் சும்மா இருக்க வேண்டும். துடிப்புக்கு ஆறு கட்டளைகளை முடிக்கக்கூடிய கோர் (கட்டளைகளை ஓட்டும் பகுதி, ஒரு ப்ராசசரில் பல இருக்கலாம்) என்றால், அந்த நேரத்தில் 1,900 கட்டளைகளுக்கு மேல் முடித்திருக்கலாம். எல்லாம் வீண்.

நேரம் மட்டும் வீணாவதில்லை, ஆற்றலும்தான். ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-இல் தந்த கணக்கை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். 45 நானோமீட்டர் தலைமுறைச் சிப்பில் இரண்டு 32 பிட் எண்களைக் கூட்ட 0.1 பிகோஜூல் (மிகச் சிறிய ஆற்றல் அலகு) போதும். வெளியே உள்ள மெமரியிலிருந்து எண்ணைக் கொண்டுவர 1,300 முதல் 2,600 பிகோஜூல் வரை வேண்டும். கூட்டுவதைவிட, கூட்டவேண்டியதைச் சுமந்துவருவதற்குப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் செலவு. ப்ராசசர் வடிவமைப்பில் இன்று நடக்கும் எதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றாலும் இந்த ஒரு விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும் என்பேன்.

கேச் இதை எப்படிச் சமாளிக்கிறது?

சமீபத்தில் தொட்ட எண்ணை மறுபடி தொடுவோம், அதற்குப் பக்கத்தில் இருப்பதையும் தொடுவோம் என்ற நம்பிக்கையில், அவற்றை ப்ராசசருக்குள்ளேயே ஒரு சிறிய, வேகமான மெமரியில் வைத்துக்கொள்வதுதான் கேச். பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் விஞ்ஞானி மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் இந்த யோசனையை எழுதினார். 1968-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85-இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று மூன்று அடுக்குகள் சாதாரணம். முதல் அடுக்கில் இருந்தால் 4 அல்லது 5 துடிப்பில் கிடைக்கும், இரண்டாவதில் 15 சுமாருக்கு, மூன்றாவதில் 40, 50 துடிப்புகள்.

அப்படியானால் முதல் அடுக்கையே பெரிதாக்கிவிடலாமே என்று கேட்பார்கள். பெரிதாக்கினால் கம்பிகள் நீளும், தேட நேரமாகும், வேகம் போய்விடும். அதனால்தான் அடுக்கடுக்காக வைக்கிறார்கள்.

கேச்சின் பலத்தைக் காட்டும் உதாரணம் 2022-இல் வந்த ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ்3டி. அதன் அண்ணனான 5800எக்ஸ் உச்சத்தில் 4.7 கிகாஹெர்ட்ஸ், இது 4.5 தான். ஆனால் சிப்பின் மேலேயே 64 மெகாபைட் கேச்சைத் தனித் தகடாக அடுக்கி, மூன்றாம் அடுக்கை 32-லிருந்து 96 மெகாபைட் ஆக்கியிருந்தார்கள். கிளாக் குறைவாக இருந்தும் பல கேம்களில் இதுதான் வேகமாக ஓடியது. கேச்சில் அடங்கிவிடும் வீடியோ என்கோடிங் போன்ற வேலைகளில் பெரிய லாபம் இல்லை. அதுவும் எதிர்பார்க்கக்கூடியதுதான்.

புரோகிராம் எழுதுபவர்களுக்கு இதில் நேரடி வேலை இருக்கிறது. சி மொழியில் ஒரு பெரிய இரு பரிமாண அணியை வரிசை வரிசையாகக் கூட்டிப் பாருங்கள், பிறகு நெடுவரிசை வாக்கில் கூட்டிப் பாருங்கள். விடை ஒன்றுதான், ஆனால் இரண்டாவது முறை பல மடங்கு மெதுவாக ஓடும். மெமரியிலிருந்து வருவது ஒற்றை எண் அல்ல, பெரும்பாலும் 64 பைட் கொண்ட ஒரு துண்டு. வரிசையாகப் போனால் துண்டு முழுவதும் பயன்படும். நெடுவாக்கில் போனால் ஒரு எண்ணுக்காக ஒரு துண்டையே இழுத்துப் போடுகிறோம்.

கட்டளைகளை வரிசை மாற்றிச் செய்வது என்றால் என்ன? விடை தப்பாகிவிடாதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு சின்ன உதாரணம்:

1. மெமரியிலிருந்து க-வை எடு
2. ச = க + 5
3. ட = ப × ம
4. க = ட − 1

முதல் கட்டளை கேச்சில் கிடைக்காமல் வெளியே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 300 துடிப்புக் காத்திருப்பு. இரண்டாவதும் அதை நம்பி நிற்கிறது. ஆனால் மூன்றாவதுக்கு ப, ம இரண்டும் கையில் இருக்கின்றன, அது ஏன் நிற்க வேண்டும்? முன்னால் போகட்டும். ட கிடைத்ததும் நான்காவதும் தயார். இங்கேதான் சிக்கல். நான்காவது இப்போதே க-வில் எழுதிவிட்டால், இரண்டாவது கட்டளை தப்பான க-வைப் படித்துவிடும்.

இதற்குத் தீர்வு, க என்ற பெயருக்கு உள்ளே பல இடங்களை ஒதுக்குவது. முதல் கட்டளையின் க ஓர் இடத்தில், நான்காவதின் க இன்னோர் இடத்தில். பெயர்தான் ஒன்று, இடம் வேறு. இரண்டாவது பழைய இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், நான்காவது புதிய இடத்தில் எழுதிவிட்டுப் போகும். கடைசியில் முடிவுகளை வெளியே அறிவிக்கும்போது மட்டும் 1, 2, 3, 4 என்று மூல வரிசையிலேயே அறிவிக்கும். உள்ளே நடந்த எதுவும் புரோகிராமுக்குத் தெரியாது.

இது புதிய யோசனை அல்ல. 1964-இல் சேமோர் கிரே வடிவமைத்த சிடிசி 6600-இல் பத்துக் கணக்கீட்டு அலகுகள் இருந்தன, எது தயாரோ அது ஓடும். 1967-இல் ஐபிஎம்-இன் ராபர்ட் டோமசூலோ, சிஸ்டம்/360 மாடல் 91-க்காக, பெயர் மாற்றும் வித்தையையும் சேர்த்து ஒரு முறையைத் தந்தார். மேசைக் கம்ப்யூட்டர்களுக்கு அது பரவலாக வந்து சேர 1995-இல் பென்டியம் ப்ரோ வரை ஆனது. அதில் ஒரே நேரத்தில் 40 உட்கட்டளைகள் (கட்டளைகளை உடைத்த சிறு துண்டுகள்) இப்படிக் காத்திருக்கலாம். 2021-இல் வந்த இன்டெலின் கோல்டன் கோவ் கோரில் 512. அந்த எண் பெரிதாகப் பெரிதாக, மெமரிக்குப் போன ஒருவர் திரும்பி வருவதற்குள் மற்றவர்கள் செய்துமுடிக்கக்கூடிய வேலை கூடும்.

"கணிப்பு" என்றால்? ப்ராசசர் எதைக் கணிக்கிறது?

புரோகிராமில் "இப்படியானால் இங்கே போ, இல்லையென்றால் அங்கே போ" என்ற கிளைகள் நிறைய உண்டு. ஐந்து, ஆறு கட்டளைக்கு ஒன்று வரும் என்பது பழைய நடைமுறைக் கணக்கு. விடை தெரியும்வரை நின்றால் 512 இடங்களை நிரப்பவே முடியாது. ஆகவே ப்ராசசர் ஒரு பக்கத்தை ஊகித்துக்கொண்டு போய்விடுகிறது. ஊகம் தப்பினால் செய்ததை அழித்துவிட்டு, பத்துப் பதினைந்து துடிப்புகளை இழந்து திரும்பி வரும்.

1981-இல் ஜேம்ஸ் ஸ்மித் காட்டிய இரண்டு பிட் எண்ணி (கவுண்ட்டர்) எளிமையானது: "போன தடவை என்ன நடந்தது, அதற்கு முந்தைய தடவை என்ன நடந்தது" என்பதே அதன் அடிப்படை. 1991-இல் யே, பட் என்ற இரு ஆய்வாளர்கள் கிளைகளின் வரலாற்று வடிவங்களைப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2001-இல் டேனியல் ஹிமேனெஸ், கால்வின் லின் இருவரும் பெர்செப்ட்ரான் என்ற எளிய நரம்பணியைக் கணிப்பானாக்கினார்கள். 2006-இல் ஆந்த்ரே செஸ்னெக் தந்த, கிளை வரலாற்றை வெவ்வேறு நீளங்களில் பார்க்கும் டேஜ் முறையின் வாரிசுகள் இன்று பல சிப்களில் இருக்கின்றன. சாதாரண வேலைகளில் 95 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கணிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. தப்பான ஊகத்தில் செய்ததை அழித்துவிட்டாலும், அப்போது கேச்சுக்குள் வந்துவிட்ட தரவு அங்கேயே இருக்கும். எது கேச்சில் இருக்கிறது என்பதை நேரத்தை அளந்தே கண்டுபிடித்துவிடலாம். 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டௌன் என்ற பாதுகாப்பு ஓட்டைகளின் அடிப்படை இதுதான். "வெளியே எதுவும் தெரியாது" என்று பல பத்தாண்டுகள் நம்பியிருந்த வடிவமைப்பு முறைக்கு விழுந்த பலத்த அடி அது. இன்றுவரை ஸ்பெக்டர் வகைகளுக்கு முழுமையான, செலவில்லாத தீர்வு கிடைக்கவில்லை.

எக்ஸ்86, ஆர்ம், ரிஸ்க்-5: எது வேகமானது?

இவை மூன்றும் கட்டளைத் தொகுப்புகள், அதாவது ப்ராசசருக்குப் புரியும் கட்டளைகளின் பட்டியல்கள். கட்டளைத் தொகுப்பு மட்டும் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. ஆனால் அதற்குப் பங்கே இல்லை என்பதும் சரியில்லை. எக்ஸ்86-இல் ஒரு கட்டளை 1 பைட்டாகவும் இருக்கலாம், 15 பைட்டாகவும் இருக்கலாம். அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. 64 பிட் ஆர்மில் எல்லாமே 4 பைட். ஆகவே ஒரே நேரத்தில் பலவற்றைப் பிரித்தெடுப்பது எளிது. 2020-இல் வந்த ஆப்பிள் எம்1-இன் பெரிய கோர், துடிப்புக்கு எட்டுக் கட்டளைகளைப் பிரித்தது. அப்போதைய எக்ஸ்86 கோர்கள் நான்கு, ஐந்தில் நின்றன. அதன்பின் எக்ஸ்86-உம் அகலமாகிவிட்டது. நல்ல குழு, நல்ல தொழிற்சாலை, தாராளமான கேச் மூன்றும் சேர்ந்தால் எந்தத் தொகுப்பிலும் வேகமான ப்ராசசர் செய்யலாம்.

கோர்களைக் கூட்டிக்கொண்டே போனால் போதாதா?

2001-இல் ஐபிஎம்-இன் பவர்4 ஒரே சிலிக்கானில் இரண்டு கோர்களை வைத்ததிலிருந்து எல்லோரும் அந்த வழியில்தான் போகிறார்கள். ஆனால் கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-இலேயே எச்சரித்துவிட்டார். வேலையில் 5 சதவீதம் பிரிக்க முடியாதது என்றால், ஆயிரம் கோர் வைத்தாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் வராது. அப்புறம், எல்லாக் கோர்களும் ஒரே மெமரிக் கதவைத்தான் தட்ட வேண்டும். அந்தக் கதவைப் பெரிதாக்கியதால்தான் ஜப்பானின் ஃபுகாகு சூப்பர் கம்ப்யூட்டர் 2020-இல் உலகின் வேகமான கம்ப்யூட்டர்கள் பட்டியலின் உச்சிக்கு வந்ததோடு நிற்காமல் நிஜமான அறிவியல் வேலைகளிலும் ஜொலித்தது. அதன் ஏ64எஃப்எக்ஸ் சிப்பில் கணக்கிடும் 48 கோர்களுக்குப் பக்கத்திலேயே அடுக்கு மெமரி, நொடிக்கு சுமார் 1 டெராபைட் வேகத்தில்.

"3 நானோமீட்டர்" சிப்பில் எது 3 நானோமீட்டர்?

எதுவும் இல்லை. அது தலைமுறையின் பெயர். அந்தச் சிப்களில் அடுத்தடுத்த டிரான்சிஸ்டர் கேட்களுக்கு (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பகுதிகள்) இடையிலான தூரமே 40 நானோமீட்டருக்கு மேல். ஒரு நிறுவனத்தின் 3-ஐ இன்னொன்றின் 3-உடன் ஒப்பிடுவதிலும் பொருள் இல்லை.

பெரிய சிப்புக்குப் பதிலாக ஏன் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்கிறார்கள்?

சிப்களை அச்சிடும் சிலிக்கான் தகடான வேஃபரில் அங்கங்கே குறைகள் விழுவதைத் தவிர்க்க முடியாது. சிப் பெரிதானால் அதில் ஒரு குறையாவது விழும் வாய்ப்பும் கூடும், விழுந்தால் இழப்பும் பெரிது. அச்சிடும் இயந்திரம் ஒரே தடவையில் பதிக்கக்கூடிய பரப்புக்கும் ஓர் எல்லை உண்டு, 26க்கு 33 மில்லிமீட்டர். 2019-இல் ஏஎம்டி தன் 64 கோர் சர்வர் ப்ராசசரை, எட்டு கோர் கொண்ட எட்டுத் துண்டுகளாகச் செய்து, நடுவில் மெமரி இணைப்புகளுக்கு ஒரு தனித் துண்டை வைத்தது. கோர்களுக்கு 7 நானோமீட்டர், நடுத் துண்டுக்குப் பழைய, மலிவான 14 நானோமீட்டர். துண்டுகளுக்கு இடையே தகவல் போக நேரமும் மின்சாரமும் ஆகும் என்பது இதில் உள்ள இழப்பு. அதனால்தான் துண்டுகளைப் பக்கத்தில் வைப்பதிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்கு நகர்கிறார்கள்.

புதிய ப்ராசசரை வடிவமைக்க எவ்வளவு காலம் ஆகும்?

அடியிலிருந்து தொடங்கினால் நான்கைந்து ஆண்டுகள். முதலில் சிப்பே கிடையாது, அதைப் போல நடந்துகொள்ளும் ஒரு புரோகிராம்தான் இருக்கும். கேச்சை இரட்டிப்பாக்கினால் என்ன லாபம், கணிப்பானுக்கு இன்னும் இடம் கொடுத்தால் என்ன லாபம் என்று அதில் ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பார்கள். பிறகு வெரிலாக் போன்ற வன்பொருள் விவரிப்பு மொழியில் வடிவமைப்பை எழுதுவார்கள். அதிலிருந்து தர்க்கக் கேட்கள் (சின்னத் தர்க்கச் சுற்றுகள்), அவற்றிலிருந்து சிலிக்கான் மேல் கம்பிகள். ஒரு துடிப்புக்குள் சிக்னல் போய்ச்சேராத பாதை ஒன்று மிச்சமிருந்தாலும் கிளாக்கை இறக்க வேண்டும், அல்லது அந்தப் பாதையை மறுபடி வரைய வேண்டும். கடைசி மாதங்களின் உறக்கத்தைத் தின்பது இதுதான்.

பெரும் உழைப்பைக் கேட்பது சரிபார்ப்பு. பல குழுக்களில் வடிவமைப்பவர்களைவிடச் சரிபார்ப்பவர்கள் அதிகம். தற்செயலாக உருவாக்கிய கோடிக்கணக்கான கட்டளை வரிசைகளை ஓட்டுவார்கள், முழு வடிவமைப்பையும் சிப்பைப் போல நடந்துகொள்ளும் பெரிய எமுலேட்டர் இயந்திரத்தில் ஏற்றி ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே பூட் செய்து பார்ப்பார்கள். தொழிற்சாலைக்கு அனுப்பி, சிப் கையில் வந்தபின் ஒரு தப்பு தெரிந்தால் மறுபடி மாஸ்க் (சிப்பை அச்சிடும் அச்சுத் தகடு) செய்து வர மாதக்கணக்கு ஆகும்.

இவ்வளவு சோதித்தும் தப்பு வருமா?

வரும். 1994-இல் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்கள் பற்றிய ஆய்வில் பென்டியம் தரும் விடைகள் பொருந்தாததைக் கவனித்தார். அது தெரியவந்ததும் எல்லோரும் செய்துபார்த்த சோதனை: 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.333820 என்று தொடங்க வேண்டும். பென்டியம் 1.333739 என்றது. வகுத்தல் அலகு அடுத்த இலக்கத்தை ஊகிக்கப் பார்க்கும் அட்டவணையில் நிரப்பியிருக்க வேண்டிய 1,066 இடங்களில் ஐந்து காலியாக இருந்தன. ஐந்தே இடங்கள். சிப்களை மாற்றித் தர இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்கியது.

அதன்பின் கணித நிரூபணம் ப்ராசசர் தொழிலுக்குள் வலுவாக நுழைந்தது. ஏஎம்டி தன் கே5 சிப்பின் வகுத்தல் முறை எல்லா எண்களுக்கும் சரியாக இருக்கும் என்பதை ஏசிஎல்2 என்ற நிரூபணக் கருவியால் நிறுவியது. சிலவகைத் தப்புகளை இன்று மைக்ரோகோட் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு புரோகிராம்) அப்டேட் மூலம் வெளியிலிருந்தே சரிசெய்யவும் முடிகிறது. எல்லாவற்றையும் அல்ல.

நானே ஒரு ப்ராசசர் வடிவமைத்துப் பார்க்க முடியுமா?

தாராளமாக. 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-5 திறந்த கட்டளைத் தொகுப்பு என்பதால் யாருடைய அனுமதியும் வேண்டாம். அதன் 32 பிட் அடிப்படைத் தொகுப்பில் 40 கட்டளைகள்தான். வெரிலேட்டர் என்ற இலவசக் கருவியில் உங்கள் வடிவமைப்பை ஓட்டிப் பார்க்கலாம். முதலில் எல்லாவற்றையும் ஒரே துடிப்பில் செய்யும் கோர் எழுதுங்கள். பிறகு ஐந்து படிப் பைப்லைன், அதாவது கட்டளை ஐந்து படிகளாகக் கடந்துபோகும் வரிசை. அது ஓடியதும், மெமரி உடனே பதில் தருவதாக வைத்திருப்பீர்களே, அதை 100 துடிப்பு தாமதமாகத் தரும்படி மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். வேகம் எங்கே போனது என்று, சிக்னல்கள் துடிப்புக்குத் துடிப்பு மாறுவதைக் காட்டும் அலைவடிவத்தைத் திறந்து பாருங்கள். அடுத்து எழுத வேண்டியது கேச் என்பது அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.